வீட்டுக்காரம்மா வேடத்துக்கு ஆள் தேவை

பிப்ரவரி 3, செவ்வாய்

இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று மதியம் எங்கள் கதவுக்கு அடியில் யாரோ ஒரு மஞ்சள் துண்டுத்தாளைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். 'சிறிய படம். புதிய முகங்கள் தேவை. எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி ஒருவர் உடனடியாகத் தேவை. முன்பு நடித்தவர்கள் மன்னிக்கவும்' என்று இருந்தது. தேதி இல்லை. எந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் இல்லை. முகவரியை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எழுபத்து மூன்று. கணவர் காலமாகி ஆறு வருடம். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தேன். தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை. கடைசி ஒன்பது வருடம் மேற்பார்வையாளர். பற்கள் என்னுடையவை. கண்ணாடி படிக்க மட்டும்.

நடித்ததில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஏழாம் வகுப்பில் ஒரு நாடகத்தில் அரண்மனை வாயிற்காவலனாக நின்றிருக்கிறேன். வசனம் கிடையாது. அசையக் கூடாது என்றார்கள், அசையவில்லை. இதற்காக என்னை நிராகரிப்பதானால் தெரிவித்துவிடுங்கள்.

என்ன பரீட்சை வைப்பீர்களோ அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினால் நல்லது. கடிதங்களைத் தரைத்தளத்துத் தையற்காரம்மா முகவரிக்கு அனுப்புங்கள். அவர் எனக்கு மேலே அனுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி

*

பிப்ரவரி 9, திங்கள்

அம்மா,

உங்கள் கடிதத்தை நானும் கேமராமேனும் மாற்றி மாற்றிப் படித்தோம். வாயிற்காவலனை மன்னித்துவிட்டோம்.

ஆனால் கடிதத்தில் பரீட்சை வைக்க முடியாதே அம்மா. எங்களிடம் இருப்பது இரவல் கேமரா ஒன்று, விளக்கு இரண்டு, நான், அவன். பெரிய நடிகர்கள் எங்களுக்கு வர மாட்டார்கள்; வந்தாலும் எனக்கு வேண்டாம். தெருவில் போகிறவர்களைத்தான் தேடுகிறேன். எல்லோருக்கும் ஒரே பரீட்சை. கதவுக்கு வெளியே கேமராவை வைத்துவிட்டுத் தட்டுவேன். அவர்கள் கதவைத் திறந்து யார் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். இதுவரை பதினேழு பேர் தோற்றுவிட்டார்கள். பேருந்து நடத்துநர் ஒருவர் திறந்ததும் டிக்கெட் கேட்கிற மாதிரி கையை நீட்டினார். மருந்துக்கடைக்காரரின் அக்கா திறப்பதற்கு முன்பே புன்னகைத்துவிட்டார். வசனத்தில் எல்லோரும் எப்படியோ தப்பித்துவிடுகிறார்கள். கதவு திறக்கும்போதுதான் பொய் தெரிந்துவிடுகிறது.

உங்கள் வேடம் ஒரு வீட்டுக்காரம்மா. குடியிருப்பவன் இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்டு வருகிறான். அவர் கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, 'மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க, காரணம் கேக்காதீங்க' என்கிறார். ஒரே காட்சி. படமே அதில்தான் நிற்கிறது.

சனிக்கிழமை வாருங்கள். நூலகத்துக்குப் பின்தெரு, மூடிப்போன போட்டோ ஸ்டுடியோ. உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

அன்புடன்,
இயக்குநர்

*

பிப்ரவரி 14, சனி

இயக்குநர் அவர்களுக்கு,

இன்று வர இயலவில்லை. முழங்கால். மூன்று மாடி இறங்குவது பெரிதில்லை, ஏறுவதுதான்.

நீங்கள் எழுதிய காட்சியில் ஒரு தவறு இருக்கிறது. காலி பண்ணச் சொல்லப் போகிறவள் அவனை உள்ளே கூப்பிட மாட்டாள். உட்காரவைத்தால் தண்ணீர் தர வேண்டும். தண்ணீர் தந்தால் ஊர்நலம் விசாரிக்க வேண்டும். விசாரித்த பிறகு எந்த வாயால் காலி பண்ணச் சொல்வது? அவள் வாசலிலேயே நிற்பாள். ஒரு கை கதவின் மேல் இருக்கும். கதவை முழுதாகத் திறக்கவும் மாட்டாள், சாத்தவும் மாட்டாள். அவன் கண் உள்ளே போகும். அவன் போக முடியாது. அதுதான் அவளுடைய அதிகாரம்.

எங்கள் பள்ளியில் கதவுக்கென்று ஒரு ஒழுங்கு உண்டு. தட்டினால் மூன்று எண்ணி, பிறகுதான் திறக்க வேண்டும். ஒன்றில் திறப்பவள் வம்பு கேட்பவள், ஐந்தில் திறப்பவள் சோம்பேறி என்பார் தலைமைச் சகோதரி. நான் எப்போதும் மூன்றுதான்.

புகைப்படம் ஒன்று இணைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற நாளில் எடுத்தது. அதே ஆள்தான், முடி மட்டும் வேறு.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி

*

பிப்ரவரி 18, புதன்

அம்மா,

காட்சியை மாற்றி எழுதிவிட்டேன். வாசல், ஒரு கை, பாதிக் கதவு. ஆறு மாதமாக அந்தக் காட்சியோடு மல்லுக்கட்டுகிறேன். நீங்கள் எட்டு வரியில் தீர்த்துவிட்டீர்கள். எனக்குக் கோபம்கூட வந்தது.

முழங்காலுக்கு ஒரு வழி. நாங்களே வருகிறோம். கேமராவை உங்கள் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத் தட்டுகிறேன். நீங்கள் மூன்று எண்ணித் திறங்கள். ஐந்தே நிமிடம். வீட்டுக்குள்ளேகூட வர மாட்டோம். என்றைக்கு வரலாம்?

படப்பிடிப்புக்கு ஒரு நண்பர் தன் வீட்டை மார்ச் மாதம் முடியும் வரை தந்திருக்கிறார். அதற்குமேல் நானும் காலி பண்ண வேண்டியவள்தான்.

அன்புடன்,
இயக்குநர்

*

பிப்ரவரி 20, வெள்ளி

இயக்குநர் அவர்களுக்கு,

வருகிற புதன், காலை பதினொன்று. வேறு நாள் வேண்டாம். வேறு நேரமும் வேண்டாம். வருவதற்கு முன் யாரிடமும் விசாரிக்க வேண்டாம். நேராக மேலே வாருங்கள்.

சாம்பல் நிறச் சேலை கட்டிக்கொள்வேன். பூப்போட்டது வீட்டுக்காரிக்குப் பொருந்தாது.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி

*

மார்ச் 1, ஞாயிறு

அம்மா,

கோபம் ஆறட்டும் என்று நான்கு நாள் பொறுத்துவிட்டு எழுதுகிறேன். முழுக்க ஆறவில்லை.

புதன்கிழமை பதினொன்றுக்கு வந்தோம். கேமராவையும் முக்காலியையும் மூன்று மாடி சுமந்து வந்தோம். வீடு பூட்டியிருந்தது. கைமுட்டி அளவு பூட்டு. முழங்கால் வலியில் பத்து நிமிட நடைக்கு வர முடியாதவர், அன்றைக்கு மட்டும் எங்கே போனீர்கள் என்று நான் கேட்கக் கூடாது, கேட்கவும் இல்லை. இருபது நிமிடம் படியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு வரி எழுதிக் கதவில் ஒட்டியிருக்கலாம். தேதி போடாததற்கு என்னைக் கண்டித்தவர் நீங்கள்.

வேடத்தை மருந்துக்கடைக்காரரின் அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். புகைப்படத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

இயக்குநர்

*

மார்ச் 5, வியாழன்

இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மூன்று நாள் இருந்தும் பார்த்தேன்.

நீங்கள் வந்தது பதினொன்றுக்கு அல்ல. பதினொன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது. இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினீர்கள். உங்களோடு வந்தவர் எதையோ சுவரில் இடித்தார். 'லென்ஸ்டா, லென்ஸ்' என்றீர்கள். பிறகு என் கதவுக்கு முன்னால், 'என்னடா, பூட்டு தொங்குது' என்றீர்கள். அவர், 'வேற வீடா இருக்கும்க்கா' என்றார். 'இதேதான். பெருசு டிமிக்கி குடுத்துட்டுப் போயிடுச்சு' என்றீர்கள். அவர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

நீங்கள் நின்ற இடத்துக்கும் நான் நின்ற இடத்துக்கும் நடுவே ஒன்றரை அங்குல மரம்தான் இருந்தது. சாம்பல் நிறச் சேலை கட்டியிருந்தேன். நீங்கள் இருபது நிமிடம் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் இருபது நிமிடம் நின்றுகொண்டிருந்தேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை.

மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். பதினொரு மாதமாக. புதன்கிழமை மருமகளுக்கு விடுமுறை. அன்றைக்கு அவள் வீட்டில் இருப்பாள், கதவு திறந்திருக்கும் என்றுதான் புதன் என்றேன். அன்று காலை ஏழு மணிக்கு அவளை மருத்துவமனையிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். உங்களுக்குத் தெரிவிக்க வழியில்லை. இந்த வீட்டுத் தொலைபேசி அவர்கள் கைப்பையில் போகிறது. கடிதங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து கயிற்றில் கட்டிய துணிப்பையில் இறங்கும்; தையற்காரம்மா எடுத்துத் தபாலில் சேர்ப்பார். அன்று அவர் கடை திறக்கவில்லை.

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். ஊரையே குரலால் இணைத்துவைத்தவள் நான். வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? 'இங்கேதான் இருக்கிறேன், என்னைப் பூட்டிவைத்திருக்கிறார்கள்' என்று ஒரு கதவிடம் சொல்ல வேண்டும். என் மகனைப் பற்றி, முன்பின் தெரியாத இருவரிடம். வாக்குத் தவறியவள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு அவமானத்தில் அது சிறியது என்று தோன்றியது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான், இல்லை, அதுவும் பெரியதுதான் என்று தெரிந்தது.

பூட்டுக்குக் காரணம் கேட்பீர்கள். போன வருடம் ஒருநாள் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனேன். முப்பத்தொரு வருடமும் பாதி வழியில், தொலைபேசி நிலையத்தில் இறங்கிவிடுவேன். மீதி வழி எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை. அங்கே ஒரு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் பாதித் தெரு கூடியிருந்தது. அம்மாவுக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். மருத்துவர், 'இன்னைக்கு என்ன தேதிம்மா?' என்று கேட்டார். சொன்னேன். அவருடைய சுவரில் நாட்காட்டி போன மாதத்திலேயே நிற்கிறது என்பதையும் சொன்னேன். அதுவும் நோயின் கணக்கில்தான் சேர்ந்தது.

பூட்டு என் கணவர் வாங்கியது. நல்ல பூட்டு.

பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. டிமிக்கி கொடுக்கவில்லை என்பது பதிவாக வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி

*

மார்ச் 9, திங்கள்

அம்மா,

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. 'பெருசு' என்றதற்கும் சேர்த்து. பூட்டைப் பார்த்தேன், கதவைப் பார்க்கவில்லை. பூட்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை என்றே எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது.

இரண்டு விஷயம். முதலாவது, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் காவல் நிலையத்தில் போய்ச் சொல்கிறேன். இது தப்பு அம்மா.

இரண்டாவது. மூன்று இரவாகத் தூக்கம் இல்லை. படத்தையே மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. வீட்டுக்காரம்மா வேண்டாம். பூட்டிய கதவு, உள்ளே ஒரு குரல். உங்கள் குரல். நீங்கள் எங்கும் வர வேண்டாம், எதையும் திறக்க வேண்டாம். நாங்கள் படியில் கேமரா வைத்து எடுத்துக்கொள்கிறோம். இதைவிட உண்மையான ஒன்றை நான் எடுக்கப் போவதில்லை.

அன்புடன்,
இயக்குநர்

*

மார்ச் 13, வெள்ளி

இயக்குநர் அவர்களுக்கு,

முதல் விஷயம்: வேண்டாம். என் மகன் திருடன் அல்ல. எனக்கு மாத்திரை எடுத்துவைத்து, மதியச் சாப்பாட்டை மூடிவைத்து, வானொலியை என் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் பூட்டுகிறான். பயந்தவன். பயந்தவனை யாரும் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய்ச் சரிசெய்துவிட முடியாது.

இரண்டாவது விஷயத்துக்கு நான் இன்னும் மோசமாகப் பதில் எழுதி, கிழித்துப் போட்டேன். இப்போது எழுதுவது மூன்றாவது தாள். நான் வீட்டுக்காரம்மா வேடத்துக்கு விண்ணப்பித்தேன். பூட்டப்பட்ட கிழவி வேடத்துக்கு அல்ல. அதைத்தான் தினமும் காலை எட்டரையிலிருந்து மாலை ஆறு வரை செய்கிறேனே. உங்கள் படத்திலும் அதையே செய்ய வேண்டுமா? இவன் பயத்தில் பூட்டுகிறான், நீங்கள் ஆசையில் பூட்டுகிறீர்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்த வேடம் இன்னும் இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேற்கொண்டு எழுதுகிறேன். உங்கள் வசனத்தைக் கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டிருந்தேன். நேற்றுச் சாப்பிடும்போது அது வாயில் வந்துவிட்டது. மகன் சோற்றில் கை வைத்திருந்தான்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. காரணம் கேக்காதீங்க" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, "யாரும்மா, நானா?" என்றான்.

"இந்த வீடு யார் பேர்ல இருக்கு?"

"உன் பேர்லதான். இப்ப அதுக்கென்ன?"

"வீட்டுக்காரியை உள்ள வச்சுக் குடியிருக்கிறவங்க பூட்டிட்டுப் போறாங்க. எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

அவன் சிரிப்பு நின்றது. மருமகள் தட்டைத் தள்ளிவைத்தாள். "அத்தை, அன்னிக்கு பஸ் பஸ்ஸா ஏறி உங்களைத் தேடினது நாங்கதான். அந்த வயித்தெரிச்சல் உங்களுக்குத் தெரியாது."

"தேடினீங்க, சரி. தொலைஞ்சேன்னு யார் சொன்னது?"

"படியில விழுந்தா யாரும்மா தூக்குறது?" என்றான் மகன்.

"தீப்பிடிச்சா யாருடா திறக்கிறது?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இன்று காலை மாற்றுச் சாவியைத் தையற்காரம்மாவிடம் கொடுத்து, "தீ, பூகம்பம்னா மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பூட்டு அங்கேயேதான் இருக்கிறது.

வருகிற வியாழன் பதினொரு மணிக்கு வாருங்கள். தையற்காரம்மாவிடம் சாவி வாங்கிக்கொள்ளுங்கள். 'தீ எங்கம்மா?' என்று கேட்டார். வியாழக்கிழமை படியேறி வரும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். மேலே வந்ததும் பூட்டைத் திறந்து எடுத்துவிடுங்கள். கதவைத் தொடாதீர்கள். கேமராவை வையுங்கள். பிறகு தட்டுங்கள்.

திறப்பது நான்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி

*

மார்ச் 20, வெள்ளி

அம்மா,

வேடம் இருக்கிறது. மருந்துக்கடைக்காரரின் அக்கா காலி பண்ணச் சொல்லும்போதும் சிரித்தார், அவரே விலகிக்கொண்டார். நீங்கள் எழுதிய இரண்டாவது விஷயத்தை ஏற்கிறேன். நியாயம் உங்கள் பக்கம்.

நேற்று எடுத்ததைக் கேமராமேனும் நானும் எட்டு முறை போட்டுப் பார்த்தோம். உங்களிடம் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள். சரியாக வரவில்லை.

நான் இரண்டாவது தடவை தட்டுவதற்குள் திறந்துவிட்டீர்கள். மூன்று எண்ணவில்லை, ஒன்றுகூட எண்ணவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. முதலில் தாழ்ப்பாளைப் பார்த்தீர்கள், பிறகு படியை. காத்திருந்தவர் திறக்கிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரம்மாவுக்கு அவசரமே கிடையாது. கதவு அவளுடையது.

ஆனால் பிறகு, நாங்கள் கேமராவை மூட்டை கட்டும்போது, ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டு, 'வாசல்ல வயர் கிடக்கு, எடுத்துட்டுப் போங்க' என்றீர்கள். அது அவள்தான். கேமரா அணைந்திருந்தது.

இன்னொரு டேக் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை. இந்த முறை என்னால் அங்கே வர முடியாது. செவ்வாய்க்கிழமை படப்பிடிப்பு, எங்கள் ஸ்டுடியோவில் தலைக்குமேல் வேலை. இங்கே ஒரு கதவு இருக்கிறது. நீங்கள்தான் வர வேண்டும். வராவிட்டால் அந்தக் காட்சி இல்லாமலே படத்தை முடிப்பேன். வேறு யாரையும் போட மாட்டேன்.

இயக்குநர்

*

மார்ச் 22, ஞாயிறு

இயக்குநர் அவர்களுக்கு,

ஒன்றுகூட எண்ணவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எண்ணினேன். வியாழன் காலை எட்டரையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் தட்டும்போது எண் தீர்ந்துவிட்டிருந்தது. இருந்தாலும் தவறு தவறுதான். ஒப்புக்கொள்கிறேன்.

வியாழன் மாலையே மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒளித்துவைத்துச் செய்வதற்கு நான் பள்ளிக்கூடப் பிள்ளை இல்லை. அவன் கீழே இறங்கிப் போய்த் தையற்காரம்மாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அந்த அம்மாவுக்குத் திட்டும் விழுந்திருக்கிறது. அதற்காக வருத்தப்படுகிறேன்.

நேற்று உங்கள் கடிதத்தை அவனிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். சரியாக வரவில்லை என்ற இடத்தில் நிறுத்தி, அதை இன்னொரு முறை படித்தான். "அவ்ளோ மோசமாவா செஞ்சே?" என்றான். "ஆமாம்" என்றேன். "பழக்கம் விட்டுப்போச்சு. பதினொரு மாசமா நான் எந்தக் கதவையும் திறக்கலையே." அவன் கடிதத்தை மடித்தான். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தான். "நாளைக்கு காலைல நாங்க மார்க்கெட் போகணும், பார்க்கலாம்மா" என்றான்.

இப்போது மணி ஒன்பதே முக்கால். ஒன்பதரைக்கு இருவரும் கிளம்பினார்கள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. படியில் இரண்டு ஜோடிச் செருப்பு இறங்கியது. பூட்டின் சத்தம் இல்லை. இரண்டாம் மாடி வரை போய்விட்டு ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் திரும்பி மேலே வந்தது. அவனுடையது. கதவுக்கு வெளியே நின்றான். நான் உள்ளே நின்றேன். அவன் மூச்சு எனக்குக் கேட்டது. என் மூச்சு அவனுக்குக் கேட்டிருக்குமா தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கீழே தையற்காரம்மா மிஷினை ஓட்ட ஆரம்பித்தார். ஏதோ அவசரத் துணி போலிருக்கிறது. அது நின்றபோது அவன் போய்விட்டிருந்தான்.

அந்தப் பூட்டு மாட்டும் சத்தத்தை நூறு சத்தங்களுக்கு நடுவிலும் என்னால் பிரித்தெடுக்க முடியும். இன்றைக்கு முடியவில்லை.

போய் இழுத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பார்க்கவில்லை. முதலில் சேலை மாற்றினேன், சாம்பல் நிறம்தான். செருப்பைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தினேன், துணிப்பையைக் கயிற்றோடு சுருட்டி அலமாரியில் வைத்தேன். பிறகு இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தேன். நேரில் பேசும்போது விட்டுப்போகும், எழுதினால் விட்டுப்போகாது.

இனி எழுந்து போவேன். கதவுக்கு முன்னால் நின்று மூன்று எண்ணுவேன். அவசரப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
வீட்டுக்காரி

பி.கு.: உறையில் உங்கள் முகவரி எழுதிவிட்டேன். தபால்தலை ஒட்டவில்லை.